தேக்காவில் ஊர் வம்பு

சிங்கப்பூருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் சொல்லும் விஷயங்கள் ஏறக்குறைய எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கும். தெருவில் குப்பையே கிடையாது என்பார்கள். 1992-ஆம் வருஷத்திலிருந்து அங்கே சூயிங்கம் விற்பது குற்றம் என்று கண்களை அகல விரித்துச் சொல்வார்கள். விமான நிலையத்திலே கண்ணாடிக் கூரையிலிருந்து அருவி கொட்டும் அதிசயத்தை வர்ணிப்பார்கள். கடைசியில், முஸ்தபா கடையில் வாங்கிய தலைவலித் தைலப் புட்டி ஒன்றை நம் கையில் வைத்துவிட்டு விடை பெறுவார்கள். எல்லாம் மெய்தான், தைலமும் நல்ல தைலந்தான். ஆனால், "அது இருக்கட்டும், அங்கே நம்மவர்கள் என்ன பேசிக் கொள்கிறார்கள்? காலையில் பத்திரிகையைப் பிரித்தால் எந்தச் செய்தியைப் பார்த்து அவர்களுக்குக் கோபம் வருகிறது?" என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

அந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவுக்குப் போய், அங்கே ஒரு மேஜையில் இடம் பிடித்து உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தேக்கா என்ற பெயரைக் கேட்டதும் அது ஏதோ தமிழ்ச் சொல்லென்று தோன்றலாம். உண்மையில் அது சீனச் சொல். "சிறு மூங்கில்களின் அடி" என்று ஹொக்கியன் பாஷையில் பொருள். ஒரு காலத்தில் அவ்விடத்தில் மூங்கில் வளர்ந்து கிடந்ததாம். மூங்கிலுக்குப் பக்கத்திலே எருமைகள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கொட்டில் போட்டு மாட்டு வியாபாரம் செய்ததால், இன்றைக்கும் ஒரு தெருவின் பெயர் பஃபலோ ரோடு. அதற்கு அடுத்த தெருவின் பெயர் கெர்பாவ் ரோடு. கெர்பாவ் என்றால் மலாய் பாஷையில் எருமை! ஒரே எருமையை இரண்டு பாஷைகளில் இரண்டு தெருக்களில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். சீனர் வைத்த பெயர், மலாய்ப் பெயர், ஆங்கிலப் பெயர் எல்லாம் சூழ்ந்திருக்க, நடுவிலே மல்லிகைப் பூவும் வாழையிலையும் முருங்கைக்காயும் விற்கிறது. சிங்கப்பூரின் சரித்திரம் முழுவதையும் இந்த அரை மைலுக்குள் படித்துவிடலாம்.

1980-களின் தொடக்கத்தில் இங்கே புதிய சந்தைக் கட்டடம் எழுந்தபோது, சர்க்கார் அதற்கு மாண்டரின் உச்சரிப்பில் "ஜூஜியாவ்" என்று பெயர்ப் பலகை மாட்டினார்கள். ஹொக்கியன் பெயருக்கும் இதற்கும் எழுத்து ஒன்றுதான். வாசிக்கும் விதந்தான் வேறு. ஆனால் ஜனங்களின் நாக்கு வளையவில்லை. தமிழர் தேக்கா என்றார்கள்; மலாய்க்காரரும் தேக்கா என்றார்கள்; சீனக் கிழவிகள் தேக்கா என்றே சொல்லிப் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். சுமார் இருபது வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2000-ஆம் வருஷத்தில் சர்க்காரே பலகையைக் கழற்றித் தேக்கா என்று மாற்றிவிட்டார்கள். ஊரின் பெயரைக் காப்பாற்றியவர்களில் வந்தேறிகளான நம்மவர்களும் உண்டு என்பதை நினைத்து நான் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

மேஜையில் உட்காருவதற்கு முன்னால் காப்பி வாங்க வேண்டும். இதற்குத் தனி இலக்கணம் உண்டு. "கோப்பி" என்று மட்டும் கேட்டால் இனிப்பான டின் பால் கலந்து வரும். "கோப்பி ஓ" என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. ஹொக்கியன் பாஷையில் ஓ என்றால் கறுப்பு. "கோப்பி சி" என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். எந்தப் பெயரோடும் "கோசோங்" என்ற மலாய்ச் சொல்லைச் சேர்த்தால் சர்க்கரை நீங்கிவிடும். தேநீருக்கும் இதே விதிகள். "தே" என்று தொடங்கவேண்டும், அவ்வளவுதான். புதிதாக வந்த தமிழன் சிங்கப்பூரில் முதலில் கற்றுக்கொள்வது இந்த நாலு சொற்களைத்தான். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் சீனக் கடைக்காரரிடம் "தே ஓ கோசோங், பங்கஸ்" என்று சொல்லி, கட்டிக் கொடுத்த பொட்டலத்தோடு போவதைப் பார்த்தேன். எத்தனை வருஷம் தமிழ் நாட்டில் இருந்தாலும் சில வடக்கத்தியருக்கு "ஒரு டீ" என்று சொல்ல வருவதில்லை. இந்த மனிதர் மூன்று சொற்களில் மூன்று ஜாதிகளோடும் உறவு கொண்டாடிவிட்டார்.

நான் உட்கார்ந்த மேஜையில் ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்கள். என்னை அழைத்துப் போனவர் தஞ்சாவூர்ப் பக்கத்து என்ஜினீயர். சிங்கப்பூருக்கு வந்து பதினாலு வருஷமாயிற்று. அவருடைய சம்சாரமும் பன்னிரண்டு வயதுப் பையனும் கூட வந்திருந்தார்கள். எதிரே, அந்த ஊரிலேயே 1951-ல் பிறந்த பெரியவர் ஒருவர். பக்கத்தில், கட்டட வேலை செய்யும் புதுக்கோட்டை வாலிபர். அவரை எல்லாரும் தம்பி என்றே கூப்பிட்டார்கள். நடு மேஜையில் ஞாயிற்றுக்கிழமைத் "தமிழ் முரசு" விரிந்து கிடந்தது. அதன் ஒரு மூலையில் பெரியவருடைய கோப்பி ஓ. மற்றொரு மூலையில் அவருடைய முழங்கை. பத்திரிகை அவர் வாங்கியது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதல்லவா?

இந்தப் பத்திரிகையைப் பற்றி ஒரு வார்த்தை. திருவாரூரில் பிறந்து வாலிபத்திலேயே சிங்கப்பூருக்குக் கப்பலேறிய கோ. சாரங்கபாணி, 1935-ல் இதை ஆரம்பித்தார். அப்போது விலை ஒரு காசு. தொண்ணூறு வருஷத்துக்கு முன் தொடங்கிய தமிழ்த் தினசரி ஒன்று, சென்னையிலிருந்து ஆயிரத்தெண்ணூறு மைல் தள்ளி இன்னும் உயிரோடிருப்பது சாமானிய விஷயமல்ல. அந்த நாட்டின் நாலு அதிகார பாஷைகளில் தமிழ் ஒன்றாக இருப்பதும் இதற்கு ஒரு காரணம். ரூபாய் நோட்டில் (அங்கே டாலரை நம்மவர் வெள்ளி என்பார்கள்) சிங்கப்பூர் என்று தமிழில் போட்டிருக்கிறது; ரயில் நிலையத்தில் தமிழில் பெயர் எழுதியிருக்கிறது. இத்தனைக்கும் மக்களில் இந்திய வம்சத்தார் நூற்றுக்கு ஒன்பது பேர்தான். அவர்களிலும் எல்லாரும் தமிழரல்ல.

அன்றைய சம்பாஷணை கார்ச் சீட்டில் தொடங்கியது. சிங்கப்பூரில் காரை விலைக்கு வாங்குவதற்கு முன்னால், கார் வாங்கலாம் என்ற உரிமையை விலைக்கு வாங்க வேண்டும். 1990-ஆம் வருஷத்தில் வந்த ஏற்பாடு இது. மாதம் இரண்டு முறை ஏலம். ஜெயித்தவனுக்குப் பத்து வருஷ உரிமை. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 1,50,001 வெள்ளிக்குப் போயிற்று. காரின் விலை அதற்குப் புறம்பு! ஒவ்வொரு ஏலத்தின் முடிவும் பத்திரிகையில் தங்க விலையைப் போல் வெளியாகிறது. தங்க விலையைப் போலவே, வாங்க முடியாதவர்கள்தான் அதை முதலில் படிக்கிறார்கள். எங்கள் மேஜையில் ஒருவரிடமும் கார் இல்லை. ஆனாலும் விலை ஏறியது தவறா சரியா என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. தெரு நெரிசலைக் குறைக்க இதைவிட நல்ல உபாயமில்லை என்றார் என்ஜினீயர். "நெரிசல் குறைவதென்னவோ சரி. பணக்காரனுக்கு ரோடு, ஏழைக்கு ரயிலா?" என்றார் பெரியவர். "ரயில் நன்றாகத்தானே இருக்கிறது, ஐயா! ராத்திரி பதினொரு மணிக்கு நான் தனியாக வீட்டுக்கு வருகிறேன். நம்ம ஊரில் முடியுமா?" என்று அம்மாள் கேட்டதும் வாதம் அடங்கியது. அந்தப் பதினொரு மணி ரயிலைப் பற்றிச் சிங்கப்பூரில் நான் சந்தித்த தமிழ்ப் பெண்களில் பலர் சொன்னார்கள். பூங்காவையும் அருவியையும் பற்றி யாரும் அவ்வளவாகச் சொல்லவில்லை.

அடுத்தது தைப்பூசம். 1968-ல் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசம் பட்டியலிலிருந்து நீங்கியது. தீபாவளி நிலைத்தது. பாலத்துக்கு அப்பால், மலேசியாவின் பல மாநிலங்களில் தைப்பூசத்துக்கு விடுமுறை உண்டு, இங்கே கிடையாது. எனவே, லீவு எடுத்துக்கொண்டுதான் காவடி எடுக்க வேண்டும். சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோட்டுத் தண்டாயுதபாணி கோவில் வரையில் சுமார் நாலு கிலோமீட்டர் தூரம் பால் குடங்களும் காவடிகளும் போகும்போது சீனர்களும் நேர்ந்துகொண்டு காவடி சுமப்பதைப் பார்க்கலாம். விடுமுறை வேண்டுமென்ற கோரிக்கை அவ்வப்போது எழும். ஒரு சமூகத்துக்குக் கொடுத்தால் மற்றச் சமூகங்களும் கேட்கும் என்று பதில் வரும். பெரியவர் இதில் விட்டுக்கொடுக்கிறவர் அல்ல. "1967 வரையில் விடுமுறை இருந்ததே, நான் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தேனே!" என்பதுதான் அவருடைய கட்சி. அறுபது வருஷத்துக்கு முன் போன ஒரு நாள் லீவை ஒரு மனிதர் இன்னும் மறக்கவில்லை என்றால், அவர் பள்ளிக்கூடத்தை எவ்வளவு நேசித்திருக்க வேண்டும்!

வீட்டைப் பற்றிய பேச்சில் சிரிப்புக் குறைந்தது. அந்த நாட்டு மக்களில் பெரும்பாலோர், ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். "வீவக வீடு" என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இன்ன விகிதத்துக்கு மேல் போகக் கூடாதென்று வரம்பு வைத்திருக்கிறார்கள். தனித்தனிச் சேரிகளாக ஜனங்கள் பிரிந்துவிடக் கூடாது என்பது நோக்கம். உயர்ந்த நோக்கந்தான். 1964-ல் அந்த ஊரில் நடந்த இனக் கலவரங்களை நினைத்துப் பார்க்கிறவர்கள் இதைக் குறை சொல்லத் தயங்குவார்கள். ஆனால் விற்கும்போது இடிக்கிறது. கட்டடத்தில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், அங்குள்ள தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்கக் கூடியவர்களில் முக்கால்வாசிப் பேர் விலகிவிட, விலை இறங்கிவிடும். பெரியவருடைய தங்கைக்கு இப்படி நேர்ந்தது. விற்பதற்கு ஒன்றரை வருஷம் ஆயிற்றாம். 2022 முதல் இம்மாதிரி மாட்டிக்கொண்டவர்களுக்குக் கழகமே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உதவியும் வந்திருக்கிறது. "நல்ல சட்டந்தான், தம்பி. நல்ல சட்டத்துக்குச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி" என்றார் பெரியவர். பாராளுமன்றத்தில் இதைக் குறித்து நடந்த விவாதங்களைவிட இந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் விளங்கியது.

இத்தனை நேரமும் புதுக்கோட்டைத் தம்பி பேசவில்லை. பத்திரிகையின் உட்பக்கம் ஒன்றை மடித்துப் படித்துக்கொண்டிருந்தார். தொழிலாளர்களை லாரியின் பின்புறத்தில் ஏற்றிப் போவதைப் பற்றிய செய்தி அது. பஸ்ஸில்தான் ஏற்ற வேண்டுமென்று பல வருஷங்களாகச் சிலர் கேட்டு வருகிறார்கள். 2023-ல் அந்தக் குரல் பலமாக எழுந்தது. ஒரேயடியாகத் தடுத்தால் சின்னக் கம்பெனிகள் தாங்கமாட்டா, அத்தனை பஸ்களும் கிடையா என்று சர்க்கார் தரப்பில் சொன்னார்கள். "இதைப் பற்றி எழுதுகிறவர்களும் லாரியில் போவதில்லை, அண்ணே, பதில் சொல்கிறவர்களும் போவதில்லை. மழை பெய்தால் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உட்காருவோம். வேலைக்குப் போகும்போது தூக்கம் வரும். தூங்கினால் விழுந்துவிடுவோமென்று ஒருவரையொருவர் தட்டிக்கொள்வோம்" என்றார் தம்பி. அவர் குரலில் குறை கூறும் தொனி இல்லை; தஞ்சாவூருக்கு எந்தப் பஸ் போகும் என்று வழி சொல்வதைப்போல் சொன்னார்.

தேக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமையின் கலகலப்பைக் கொடுக்கிறவர்கள் இவர்கள்தான். ஆயிரக் கணக்கில் வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, சாமான் வாங்கி, புல்தரையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி ராத்திரி, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழ்த் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்ததும் பெருங் கலகம் மூண்டது. அந்த ஊரில் நாற்பது வருஷங்களுக்கு மேலாகக் காணாத கலகம். போலீஸ் வண்டிகளும் ஆம்புலன்ஸும் எரிந்தன. பிறகு 2015-ல் மதுவைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. ராத்திரி பத்தரை மணிக்குமேல் நாடெங்கும் பொது இடத்தில் குடிக்கக் கூடாது, இந்த வட்டாரத்தில் வாரக் கடைசியில் இன்னும் கடுமை. 2020-ல் கொரோனா வந்தபோது, தொழிலாளர் தங்கும் விடுதிகளில்தான் அது காட்டுத்தீயாகப் பரவியது. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது, விடுதிவாசிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு நோய் வந்து போயிருந்தது. நம் தம்பி ஓர் அறையில் பன்னிரண்டு பேரோடு மாதக் கணக்கில் அடைபட்டிருந்தார். "சாப்பாடு வந்தது, சம்பளமும் வந்தது. குறை சொன்னால் பாவம். ஆனால் ஜன்னலில் நின்று ரோட்டைப் பார்ப்போம். ரோட்டில் ஜனங்கள் நடக்க ஆரம்பித்த பிறகும் நாங்கள் ஜன்னலிலேயே நின்றோம்" என்றார்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பெரியவர் எழுந்து போய், கேட்காமலே தம்பிக்கு ஒரு தே தாரிக் வாங்கி வந்து வைத்தார்.

இதற்குப் பிறகுதான் என் நண்பர் மெள்ள விஷயத்துக்கு வந்தார். அன்றைக்குப் பெரியவரைத் தேடி அவர் வந்ததே இதற்காகத்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பையனுக்குப் பதின்மூன்று வயது நெருங்குகிறது. குடும்பம் முழுவதும் "நிரந்தரவாசிகள்". அவர்கள் கையிலிருப்பது நீல அடையாள அட்டை. குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை. நீல அட்டைக்காரர் அங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், பிறர் விற்கும் வீவக வீட்டை வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது, கழகத்தின் புது வீடும் கிடையாது. என்ஜினீயர் ஒருவர் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு ஆயுள் முழுதும் இருந்துவிடலாம். பிள்ளைக்கு அப்படி இல்லை. பெற்றோரின் மூலமாக நிரந்தரவாசியான பையன், பதினெட்டு வயதில் இரண்டு வருஷம் தேசிய சேவை செய்தாக வேண்டும். அதாவது, ராணுவத்திலோ, போலீஸிலோ, தீயணைப்புப் படையிலோ. 1967-ல் வந்த சட்டம். பதின்மூன்று வயதானதும், மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டில் தங்குவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும். சேவை செய்யாமல் நீல அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம்; பின்னால் படிக்கவோ வேலைக்கோ அங்கே வர விரும்பினால் அது எதிராக நிற்கும்.

அப்படியானால் இளஞ்சிவப்பு அட்டையையே வாங்கிவிட்டால் என்ன? அங்கேதான் நெஞ்சில் முள் தைக்கிறது. சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை ஒப்பவில்லை, இந்தியாவும் ஒப்பவில்லை. அசோகச் சக்கரம் போட்ட பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக, 2005 முதல் இந்திய சர்க்கார் வழங்கும் அயலகக் குடியுரிமை அட்டை கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு ஆயுள் முழுதும் வந்து போகலாம். ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது.

"பிதுரார்ஜிதமாக வந்தால்?" என்று கேட்டார் பெரியவர்.

"வந்தால் வைத்துக்கொள்ளலாமாம், ஐயா. விலைக்கு வாங்கத்தான் கூடாது. அப்பா பெயரில் மூன்று ஏக்கர் இருக்கிறது. பக்கத்து நிலத்தையும் வாங்க வேண்டும் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்."

"நிலத்தை யார் உழப் போகிறார்கள்? நீங்களா, இவனா?" என்று அம்மாள் குறுக்கிட்டாள். "எனக்கு நிலமும் வேண்டாம், அட்டையின் நிறமும் வேண்டாம். பதினெட்டு வயதுப் பிள்ளை கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் காட்டுக்கு அனுப்புவார்களே, அதற்கு வழி சொல்லுங்கள்."

நம் நாட்டில் சிலர், பாஸ்போர்ட்டை மாற்றுகிறவனைக் கண்டால் தேசத்தை விற்றுவிட்டவனைப்போல் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் அந்த மேஜையருகில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். என் நண்பர் ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் டெல்லிச் செங்கோட்டைக் கொடியேற்றத்தை அலுவலகத்தில் ரகசியமாகப் பார்க்கிறவர். அவருக்கு லாப நஷ்டக் கணக்குத் தெரியாமல் இல்லை. கணக்கு முடிந்த பிறகும் மனசு நகரமாட்டேன் என்கிறது. அப்படி நகர மறுக்கும் மனசை வெறும் அசட்டுத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பிள்ளையின் தலையில் சுமத்தலாமா என்பது வேறு கேள்வி.

பெரியவர் தம் கதையைச் சொன்னார். அவருடைய தகப்பனார் மாயவரத்திலிருந்து வந்து, செம்பவாங்கில் பிரிட்டிஷ்காரர்களுடைய கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். 1957-ல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர் எல்லாரும் பதிந்துகொள்ள வேண்டும் என்று சாரங்கபாணி பத்திரிகையிலும் மேடையிலும் பாடுபட்டார். தகப்பனார் பதிந்துகொண்டார். கூடவே வந்த சிற்றப்பா, "நாம் என்ன இங்கேயா சாகப் போகிறோம்?" என்று மறுத்துவிட்டார். 1968-ல் பிரிட்டிஷ்காரர்கள் மூட்டை கட்டப் போவதாக அறிவித்தார்கள். 1971-க்குள் தளம் காலியாயிற்று. பலர் கிடைத்த பணத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறினார்கள், சிற்றப்பாவும் ஏறினார். "சிற்றப்பா நன்றாகத்தான் இருந்தார், தம்பி. மாயவரத்தில் கடை வைத்தார். நான் சொல்ல வந்தது அதல்ல. அண்ணனும் தம்பியும் ஒரே மாதத்தில் எடுத்த முடிவு, இரண்டு குடும்பத்தையும் இரண்டு தேசமாக்கிவிட்டது. எது சரி என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது."

பிறகு தம் தாய்மாமனைப் பற்றிச் சொன்னார். அவர் ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. 1943 ஜூலை 5-ஆம் தேதி, சிங்கப்பூரின் பாடாங் மைதானத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அவ்வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி கத்தே மாளிகையில் சுதந்திர இந்தியாவின் தாற்காலிக சர்க்காரைப் பிரகடனம் செய்தார். தோட்டத்துப் பால்மரத் தொழிலாளிகளும் அவர்களுடைய பெண்களும் அப்படையில் திரண்டு சேர்ந்தார்கள். மாமாவும் சேர்ந்தார். அந்தப் படையின் வீரர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தை 1945-ல் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள். 1995-ல் சிங்கப்பூர் சர்க்கார் அவ்விடத்தில் ஒரு குறிப்புப் பலகை நட்டிருக்கிறார்கள்.

"பார்க்காத தேசத்துக்காக என் மாமா துப்பாக்கி எடுத்தார். நான் பிறந்த தேசத்துக்காக இரண்டு வருஷம் எடுத்தேன். அந்தக் காலத்தில் ஒரு சோறு, ஒரு கொசுவலை. அணிவகுப்புக் கட்டளை எல்லாம் மலாயில், இன்றைக்கும் அப்படித்தான். பக்கத்துக் கட்டில் சீனப் பையனுக்கு ஹொக்கியன் தவிர ஒன்றும் வராது. அவனிடந்தான் நான் ஹொக்கியன் கற்றேன். ஐம்பத்தைந்து வருஷமாகச் சிநேகிதன்" என்று அம்மாளைப் பார்த்துச் சொன்னார். அம்மாள் பதில் சொல்லவில்லை. சமாதானமாயிற்று என்று எனக்குத் தோன்றவில்லை.

பையனை யாரும் கேட்கவில்லை. அவன் தாளில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு வருகிறது. அதில் தமிழ் வாய்மொழித் தேர்வும் உண்டு. "தம்பி, நீ என்ன சொல்கிறாய்?" என்று பெரியவர் திரும்பினார். பையன் நிமிர்ந்து பார்த்து, அவ்வூர்ப் பிள்ளைகள் பேசும் இங்கிலீஷில், "போகத்தானே வேண்டும், லா? வகுப்பில் எல்லாரும் போவார்கள்" என்றான். பள்ளிக்கூடத்தில் தினந்தோறும் காலையில் சொல்லும் தேசிய உறுதிமொழியைக் கேட்டு வளர்ந்தவன் அவன். 1966-ல் அதை எழுதியவர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், அந்நாட்டின் முதல் வெளிநாட்டு மந்திரி. விடுமுறையில் தஞ்சாவூருக்குப் போனால் பையனுக்குப் பாட்டி வீடு பிடிக்கும், மாட்டுக் கன்று பிடிக்கும், கொசு பிடிக்காது. "ஊருக்குப் போகிறோம்" என்று தகப்பனார் சொல்லும் சொல்லுக்கு அவனிடம் "பாட்டி வீட்டுக்குப் போகிறோம்" என்றுதான் அர்த்தம். "ஊருக்கு வந்துவிட்டோம்" என்பது சாங்கி விமான நிலையத்தில் அவன் சொல்வது.

அப்போதுதான் புதுக்கோட்டைத் தம்பி சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். "உங்களை என்ன நிறம் வேண்டும் என்று கேட்கிறார்கள், ஸார். எங்களை யாரும் கேட்கமாட்டார்கள்." அவர் சொன்னது சட்டப்படி மெய். அவரைப்போல் வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்கள் நிரந்தரவாசியாக விண்ணப்பிக்க முடியாது; எத்தனை கட்டடம் கட்டினாலும் வேலை முடிந்தால் திரும்ப வேண்டியதுதான். இதிலே பழைய சரித்திரம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1825 முதல் 1873 வரையில் இந்தியக் கைதிகளைக் கொண்டுபோய்ச் சிங்கப்பூரின் ரோடுகளையும் கட்டடங்களையும் கட்டினார்கள். புனித ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வெள்ளைச் சுவருக்கு, சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரையும் கலந்த நம் சென்னைச் சாந்தைத்தான் பூசினார்கள். தண்டனை முடிந்தபின் அந்தக் கைதிகளில் பலர் அங்கேயே குடியேறினார்கள். கைதிகளுக்குக் கிடைத்தது இந்தத் தம்பிக்குக் கிடைக்கவில்லை!

என் நண்பரின் முகம் சுருங்கியது. "நான் அந்த அர்த்தத்தில் பேசவில்லை, தம்பி" என்றார். "தெரியும் ஸார், சும்மா சொன்னேன்" என்று தம்பி எழுந்தார். விடுதிக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பாதி படித்த பத்திரிகையைப் பார்த்தார். பெரியவர் முழங்கையை எடுத்து, பத்திரிகையை நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தார்.

சாப்பிட்ட தட்டை அவரவரே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது 2021 முதல் அங்கே கண்டிப்பான விதி. நண்பர் யோசனையிலேயே தட்டை எடுத்துக்கொண்டு போய், முஸ்லிம்களின் ஹலால் பாத்திரங்களுக்குரிய அடுக்கில் வைக்கப் போனார். பையன் ஓடிப் போய்க் கையைப் பிடித்து அடுத்த அடுக்குக்கு இழுத்தான்.

நான் சென்னைக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து, விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று எழுதிக் கேட்டேன். அம்மாளிடமிருந்துதான் பதில் வந்தது. "முதலில் பரீட்சை முடியட்டும். இவர் தினம் ராத்திரி கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கார் ஏலச் செய்தி படிக்கிறார்" என்று எழுதியிருந்தாள்.